இழுக்காத சுருட்டும் டெல்லிக் காற்றும்

டெல்லியில் சுருட்டுப் பழக்கம் உள்ள நான்கு பேர் கூடினால், சற்று நேரத்தில் யாராவது ஒருவர் கையிலிருக்கும் சுருட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இழுக்கவே மாட்டேங்குதே” என்பார். பல நூறு ரூபாய், சில சமயம் ஆயிரங்கள் கொடுத்து வாங்கிய சுருட்டாக இருக்கும். கன்னம் குழிய இழுத்தாலும் வாய்க்கு நூலிழை அளவுதான் புகை வரும். நெருப்பு ஒரு பக்கமாக ஏறும். இரண்டு நிமிடம் கீழே வைத்தால் அணைந்துபோகும். மறுபடி பற்றவைத்தால் கசக்கும். உடனே பழி சுற்றியவர் மேல் விழும்; இல்லையென்றால் கடைக்காரர் போலிச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்று பேச்சு வரும். சுற்றியவர் செய்த தவறும் உண்டு, போலிச் சரக்கும் உண்டு. ஆனால் டெல்லியைப் பொறுத்தவரை பெரும்பாலான குற்றம் இந்த ஊர்க் காற்றின் மேலும், அந்தக் காற்றுக்குப் பயந்து நாம் பெட்டிக்குள் செய்துவைக்கும் காரியங்களின் மேலும்தான் இருக்கிறது. இதுதான் என் முடிவு. அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் சுருட்டின் உள்ளமைப்பு. கையால் சுற்றிய நல்ல சுருட்டில் மூன்று அடுக்கு இருக்கும். நடுவில் உள்ளிலைகள், அவற்றை இறுக்கிப் பிடிக்கும் கட்டிலை, எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிய, நரம்பு தெரியாத மேலிலை. உள்ளிலைகளை நீளவாக்கில் மடித்து வைக்கும்போது மடிப்புகளுக்கு இடையே நுண்ணிய சந்துகள் உண்டாகும். நெருப்பு முனையிலிருந்து வாய் முனை வரை அந்தச் சந்துகள் தொடர்ந்து ஓடினால்தான் புகை ஓடும். சந்தின் அகலம் கொஞ்சம் குறைந்தாலும் காற்றோட்டம் பல மடங்கு குறைந்துவிடும். உருண்டையான குழாய்க்கு இயற்பியல் சொல்லும் கணக்கு இது: விட்டம் பாதியானால், அதே இழுப்புக்கு வரும் காற்று 16இல் ஒரு பங்கு. சுருட்டின் உள்வழி நேர்த்தியான குழாய் இல்லை என்றாலும் போக்கு அதேதான். இலை ஈரம் குடித்துச் சற்றே உப்பினால்கூட இழுப்பு ஏன் அவ்வளவு கெட்டுப்போகிறது என்பதற்கு இந்தக் கணக்கே பதில்.

உள்ளிலைகளை அடுக்கும் கையில்தான் சுற்றுபவரின் திறமை இருக்கிறது. கியூபாவில் ஒவ்வோர் இலையையும் தனித்தனியாகக் குழல்போல் சுருட்டி அடுக்கும் முறை உண்டு. நேரம் பிடிக்கும், ஆனால் வழி அடைபடாது. இலைகளை விசிறி மடிப்பாக மடிப்பது இன்னொரு முறை. புத்தகத்தின் பக்கங்களைப் போல் ஒன்றன்மேல் ஒன்று வைத்து மொத்தமாக உருட்டுவது எல்லாவற்றிலும் விரைவானது, அடைப்பு வருவதற்கும் அதில்தான் வாய்ப்பு அதிகம். இழுக்காத சுருட்டு ஒன்றைப் பிளேடால் நீளவாக்கில் கீறிப் பார்த்திருக்கிறேன். நடுவில் ஓர் இலை கயிறு திரித்தது போல் முறுகிக் கிடந்தது; அதை ஒட்டி, கிழித்து எடுக்க மறந்த நடுநரம்பின் துண்டு ஒன்று ஈர்க்குச்சியாய் நின்றது. மற்ற பகுதியெல்லாம் சீராகத்தான் இருந்தது. அந்த ஓர் அங்குலம்தான் மொத்தச் சுருட்டையும் வீணாக்கியது.

கியூபாவே இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டது உண்டு. 1990களின் பிற்பகுதியில் உலகமெங்கும் சுருட்டு மோகம் ஏறியபோது அங்கே உற்பத்தியை அவசரமாகப் பெருக்கினார்கள். அனுபவம் போதாத கைகள் சுற்றின. அந்த ஆண்டுகளின் சரக்கில் அடைப்புச் சுருட்டு மலிந்தது என்று வாங்கியவர்கள் இன்றும் குறைபடுகிறார்கள். அதன்பின் 2000களின் தொடக்கத்தில் தொழிற்சாலைகளுக்கு உறிஞ்சிப் பார்க்கும் கருவிகள் வந்தன. மேலிலை சுற்றுவதற்கு முன், கட்டிலை வரை சுற்றிய கட்டைக் கருவியில் செருகுவார்கள். இழுப்பதற்கு எவ்வளவு அழுத்தம் தேவைப்படுகிறது என்பதை முள் காட்டிவிடும். தேறாத கட்டைப் பிரித்து மறுபடி சுற்றலாம். மேலிலை ஏறிவிட்டால் அதற்கு வழியில்லை.

நம் ஊர்ச் சுருட்டைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் ‘டிரிச்சினோபொலி’ என்ற பெயரே இங்கிலாந்தில் சுருட்டைக் குறித்தது. திருச்சி உறையூரில் சுற்றினார்கள். இலை பெரும்பாலும் திண்டுக்கல் பக்கத்திலிருந்து போனது. திண்டுக்கல்லிலேயே சென்னை ஸ்பென்சர் நிறுவனத்தின் சுருட்டுத் தொழிற்சாலை நடந்தது. சர்ச்சிலையும் திருச்சிச் சுருட்டையும் சேர்த்துப் பேசுவது நம் ஊர் வழக்கம். அதைவிட உறுதியான சான்று ஆர்தர் கோனன் டாயிலின் எழுத்தில் கிடைக்கிறது. 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், சிந்திக் கிடக்கும் கருத்த, செதில் செதிலான சாம்பலைப் பார்த்தே அது திருச்சிச் சுருட்டுதான் என்று துப்பறிவாளர் சொல்லிவிடுகிறார். லண்டன் வாசகனுக்கு விளக்கம் தேவைப்படாத அளவுக்கு அந்தப் பெயர் புழக்கத்தில் இருந்திருக்கிறது.

அந்தச் சுருட்டின் வடிவத்தைக் கவனித்தால் இழுப்புப் பிரச்சினைக்கு ஒரு விடை அதிலேயே தெரியும். இரண்டு முனையும் வெட்டித் திறந்தவை. தலையில் மூடி இல்லை, வெட்டும் கருவியும் வேண்டாம். வாங்கிய கையோடு வாயில் வைத்து இழுத்துப் பார்க்கலாம். காற்று வரவில்லை என்றால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுக்கலாம். மூடி போட்ட சுருட்டு வெட்டிய பிறகே தன் குணத்தைக் காட்டும், அதற்குள் காசு கைமாறியிருக்கும். யாழ்ப்பாணச் சுருட்டும் இந்தக் குடும்பம்தான். அங்கே ‘கோடா’ என்னும் சாற்றில் இலையைப் பதப்படுத்திச் சுற்றினார்கள். யாழ்ப்பாணத்தார் தென்னிலங்கை ஊர்களில் போட்ட சுருட்டுக் கடைகள் ஒரு காலத்தில் தனி வணிக வலையாகவே இருந்தன. நம் கிராமங்களில் கருப்பசாமிக்கும் முனியாண்டிக்கும் படையலில் வைப்பதும் இதே இருமுனை திறந்த சுருட்டுத்தான்.

இழுப்பையும் எரிப்பையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது பலருடைய வழக்கம். இவை இரண்டும் வேறு. காற்று தாராளமாக வரும், ஆனால் நெருப்பு நிற்காது. அப்படிப்பட்ட சுருட்டில் குறை இலையில்தான் இருக்கிறது. மண்ணிலும் பாசன நீரிலும் குளோரைடு உப்பு மிகுந்தால் இலை காற்றிலிருந்து ஈரத்தை அதிகமாக இழுத்துக்கொள்ளும், எரிவும் மந்தமாகும். பொட்டாசியம் நிறைந்த இலை நன்றாகக் கனலும். உவர்க் கிணற்று நீரில் விளையும் இலை மெல்லும் புகையிலைக்கு ஏற்றது, சுருட்டுக்கு அவ்வளவாக ஏற்காது. ராஜமுந்திரியில் 1947இல் மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிலையம் தொடங்கியதும், அடுத்த ஆண்டே திண்டுக்கல்லுக்கு அருகே வேடசந்தூரில் சுருட்டுப் புகையிலைக்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையம் வந்ததும், இப்படி ஊருக்கு ஊர் இலையின் குணம் மாறுவதால்தான். மேலிலைக்காக மேற்கு வங்கத்தில் கூச்பெகார் மாவட்டத்துத் தின்ஹாட்டாவிலும் ஒரு நிலையம் அமைத்தார்கள். உள்ளிலை தெற்கில், மேலிலை வடகிழக்கில். இந்தியச் சுருட்டின் புவியியல் இதுதான். இழுப்பு நன்றாக இருந்தும் அடிக்கடி அணையும் சுருட்டை ஊசியால் குத்துவதில் பயனில்லை.

இனி டெல்லிக்கு வருவோம். இந்தப் பகுதிக்குப் புகையிலை தக்காணத்திலிருந்துதான் வந்தது. 1600களின் தொடக்கத்தில் பீஜப்பூருக்குத் தூது போய் வந்த அசத் பேக், ஆக்ராவில் அக்பருக்கு முன் புகையிலையையும் அலங்கரித்த குழாயையும் வைத்தார். அரண்மனை மருத்துவர் தடுத்தும் அக்பர் சிறிது இழுத்துப் பார்த்தார். அவர் மகன் ஜஹாங்கீர் 1617இல் புகையிலைக்குத் தடை விதித்தார். தடை நிற்கவில்லை, ஹுக்கா வடநாடு முழுவதும் பரவியது. ஹுக்காவுக்கான புகையிலையை வெல்லப்பாகு சேர்த்துப் பிசைவார்கள். வெல்லம் ஈரத்தைப் பிடித்துவைக்கும். மே மாதத்து ‘லூ’ அனல் காற்றிலும் அந்தக் கலவை முறுகிப் பொடியாகாது. புகையும் தண்ணீர் வழியே வரும். காய்ந்த நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. இலையை அப்படியே சுற்றிப் பிடிக்கும் சுருட்டு ஈரக் காற்றுள்ள கடற்கரை நாடுகளின் பண்டம். கியூபா, மணிலா, சுமத்ரா, யாழ்ப்பாணம் என்று வரிசையாகப் பார்த்தால் எல்லாம் கடலோரம். டெல்லிக்கு அது வந்தேறி.

டெல்லியின் ஆண்டு வட்டத்தைச் சுருட்டின் கண்ணால் பாருங்கள். ஏப்ரல், மே மாதப் பிற்பகல்களில் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே போகும். சுருட்டுக்கு வேண்டியது 65 முதல் 70 சதவீதம். திறந்து வைத்த சுருட்டு சில நாட்களில் மேலிலை வெடித்து, தொட்டால் நொறுங்கும். ஜூலை வந்ததும் நிலைமை தலைகீழ். ஆகஸ்ட் காலைகளில் ஈரப்பதம் 80ஐத் தொடும். அதே சுருட்டு இப்போது ஊறி உப்பும், பூஞ்சையும் பூக்கும். அக்டோபரில் மறுபடி உலர்வு. டிசம்பர், ஜனவரியில் வெளியே பனிமூட்டம், வீட்டுக்குள் ஹீட்டர். நவம்பர் மாதத்து நச்சுப் புகை நாட்களைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்வேன்: ஊரே புகையில் மூச்சுத் திணறும் அந்த நாட்களில் சுருட்டைத் தொடாதீர்கள்.

வீட்டுக்கு வீடும் காற்று வேறுபடும். கோடையில் தண்ணீர் கூலர் ஓடும் அறையில் காற்று நனைந்து கனமாக இருக்கும். பக்கத்து அறையில் ஏசி ஓடினால் அங்கே வறண்டுவிடும். சுருட்டுப் பெட்டியை இன்று இந்த அறையிலும் நாளை அந்த அறையிலும் வைத்தால் இலை விரிவதும் சுருங்குவதுமாக அலையும். மே மாத வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்த சுருட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

காய்ந்துபோன சுருட்டைக் காப்பாற்றும் அவசரத்தில்தான் பெரிய தவறு நடக்கிறது. நனைத்த பஞ்சைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுகிறார்கள். பெட்டிக்குள் ஈரம் 80க்கு மேல் போகிறது. உள்ளிலை வேகமாக உப்ப, மெல்லிய மேலிலை தாங்காமல் கிழிகிறது. கிழியாமல் தப்பியது அடைத்துக்கொள்கிறது. பல கடைகளிலும் கண்ணாடி அலமாரிக்குள் இதேதான் நடக்கிறது. ஏசி உலர்த்துகிறது என்று பயந்து ஈரத்தை அளவுக்கு மீறி ஏற்றிவிடுகிறார்கள். தொட்டால் மெத்தென்று இருக்கும் சுருட்டை ‘ஃபிரெஷ்’ என்று நம்பி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். நான் பார்த்தவரை டெல்லியில் இழுக்காத சுருட்டுகளில் பெரும்பாலானவை இப்படி நீர் குடித்தவை. உலர்ந்த ஊரில் ஈரத்தால் கெடும் சுருட்டு என்பது முதலில் நம்ப முடியாததாகத்தான் இருக்கும். விரல்களுக்கு நடுவே லேசாக அழுத்திப் பாருங்கள். நல்ல சுருட்டு சற்றே இசைந்து கொடுத்து உடனே பழைய உருவுக்குத் திரும்பும். ஈரம் ஏறியது பஞ்சு போல் அமுங்கி அப்படியே கிடக்கும். காய்ந்தது காதருகே வைத்தால் மொறுமொறுக்கும்.

பெட்டிக்குள் உண்மையில் எவ்வளவு ஈரம் என்று தெரிய ஈரமானி வேண்டும். அந்த ஈரமானி உண்மை சொல்கிறதா என்று பார்க்கச் சமையலறை உப்பே போதும். சிறிய பாட்டில் மூடி ஒன்றில் உப்பைப் போட்டு, சேறு போல் ஆகும் அளவுக்கு மட்டும் சில சொட்டு நீர் விடுங்கள். உப்பு கரைந்துவிடக் கூடாது. அதையும் ஈரமானியையும் காற்றுப் புகாத பையில் போட்டு ஒரு நாள் வையுங்கள். பைக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். உப்பின் குணம் அது. ஈரமானி 70 காட்டினால் அது ஐந்து குறைத்துச் சொல்கிறது என்று பொருள். ஈரத்தைக் கொடுக்கவும் வாங்கவும் செய்யும் உப்புக் கரைசல் பொட்டலங்கள் இன்று 62, 65, 69, 72 என்று எண் போட்டுக் கிடைக்கின்றன. டெல்லிக்கு 65ஐப் பரிந்துரைப்பேன். பஞ்சு வைத்தே தீருவேன் என்பவர்கள் காய்ச்சி வடித்த நீரை ஊற்றட்டும். டெல்லி நிலத்தடி நீரின் உப்புகள் பஞ்சில் படிந்து அடைத்துவிடும்.

பெட்டிக்கு ஸ்பானிஷ் சீடர் மரம் சிறந்தது என்பார்கள். அதன் நெருங்கிய உறவு நம் நாட்டிலேயே வளர்கிறது. வடக்கே தூன் என்றும் தமிழில் சந்தன வேம்பு என்றும் சொல்லும் மரம் அது; முன்பு தாவரவியலார் இரண்டையும் ஒரே பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள். இந்தியாவில் சுருட்டுப் பெட்டிக்கும் தேயிலைப் பெட்டிக்கும் அந்த மரம் பயன்பட்டிருக்கிறது. கீர்த்தி நகர் மரக்கடைகளில் விசாரித்து, தச்சரிடம் கொடுத்துப் பெட்டி செய்துகொள்ளலாம். தேவதாரு வேண்டாம், அதன் பிசின் மணம் இலையில் ஏறிவிடும். பெட்டி செய்ய முடியாதவர்களுக்கு ரப்பர் விளிம்பு மூடியுள்ள சாப்பாட்டு டப்பா போதும். ஈரத்தைக் காப்பதில் அலங்காரப் பெட்டிகள் பலவற்றை அது தோற்கடித்துவிடும்.

இன்னொரு எதிரி வெப்பம். பெட்டி 24 டிகிரியைத் தாண்டினால் இலைக்குள் உறங்கும் புகையிலை வண்டின் முட்டைகள் பொரிக்கத் தொடங்கும். பழைய டெல்லியில் காரி பாவ்லி மசாலாச் சந்தையும் அதை ஒட்டிய நயா பான்ஸ் புகையிலைச் சந்தையும் அருகருகே இருக்கின்றன. மஞ்சளையும் மல்லியையும் துளைக்கும் அதே வண்டுதான் சுருட்டையும் துளைக்கிறது. குண்டூசித் தலை அளவு துளை ஒன்று தெரிந்தால் மற்றவற்றைக் காற்றுப் புகாத பையில் போட்டு, ஒரு நாள் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டிலும், பிறகு மூன்று நான்கு நாள் உறைபெட்டியிலும், திரும்ப ஒரு நாள் கீழ்த்தட்டிலும் வையுங்கள். உறைபெட்டியிலிருந்து நேராக வெளியே எடுத்தால் மேலிலை வெடிக்கும். துளை விழுந்த சுருட்டில் வழியெல்லாம் காற்று கசிவதால் இழுப்பும் போய்விடும்.

இப்போது கையில் இழுக்காத சுருட்டு இருக்கிறது. என்ன செய்யலாம்?

பற்றவைப்பதற்கு முன்பே கண்டுபிடிப்பது நல்லது. வெட்டியதும் நெருப்பில்லாமல் இழுத்துப் பாருங்கள். காற்று எளிதாக, ஆனால் ஒரு சிறு தடையை உணரும்படி வர வேண்டும். இறுக்கமாக இருந்தால் வெட்டு போதவில்லையா என்று முதலில் பாருங்கள். தலை மூடி எங்கே உடலோடு சேர்கிறதோ அந்தத் தோளுக்குச் சற்று மேலே வெட்ட வேண்டும். கூம்பு முனைச் சுருட்டில் பலர் நுனியை மட்டும் கிள்ளிவிட்டு அவதிப்படுகிறார்கள். இன்னும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெட்டினால் சரியாகிவிடும். தோளுக்குக் கீழே போனால் மேலிலை அவிழ்ந்துவிடும்.

வெட்டு சரி, ஆனாலும் இழுக்கவில்லை என்றால், பற்றவைக்காமல் எடுத்து வைத்துவிடுங்கள். இதைத்தான் யாரும் கேட்பதில்லை. ஈரம் ஏறிய சுருட்டை ஈரமூட்டி இல்லாத மரப்பெட்டியில் ஓரிரண்டு நாள் விட்டால் இலை சுருங்கி வழி திறக்கும். மழைக்காலத்தில் வெறும் பெட்டி போதாது. காற்றே 80இல் இருக்கும்போது எங்கிருந்து காயும்? அப்போது 62 எண் பொட்டலத்தோடு டப்பாவில் ஒரு வாரம், இரண்டு வாரம் வைக்க வேண்டும். வெட்டியதால் கெட்டுவிடாது. காத்திருக்க மனமில்லாமல் பற்றவைத்துத்தான் பெரும்பாலான சுருட்டுகளை நாம் பாழாக்குகிறோம்.

அடுத்தது விரல். நெருப்பு முனையிலிருந்து தலை வரை கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மெதுவாக உருட்டிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் கட்டி தட்டுப்படும். பெரும்பாலும் லேபிள் வளையத்துக்குக் கீழே. அந்த இடத்தை மட்டும் லேசாகப் பிசைந்து கொடுத்தால் சில சமயம் மடிப்பு நெகிழும். காய்ந்த சுருட்டில் இதைச் செய்தால் மேலிலை நொறுங்கும்.

கடைசி வழி ஊசி. பல் வைத்த நீண்ட உலோக ஊசிகள் இதற்கென்றே விற்கின்றன. அதைத் தலை வழியாக நேராக நடுவில் செலுத்தி, சுழற்றி, மெதுவாக வெளியே இழுத்தால் அடைப்பிலிருந்து இலைத் துணுக்குகள் வந்துவிடும். கட்டி இருக்கும் இடத்தைத் தாண்டிச் சற்று தூரம் போனால் போதும். மறுமுனை வரை குடைந்தால் நெருப்பு அந்தச் சுரங்கத்துக்குள்ளேயே ஓடி, சுருட்டு சூடேறி நாறும். வெறும் கம்பியால் குத்துவது பல சமயம் இலையை ஓரத்துக்குத் தள்ளி மேலும் இறுக்கிவிடும். ஐரோப்பாவில் இதே பிரச்சினைக்குப் பழைய, அழகான தீர்வு ஒன்று உண்டு. சுவிட்சர்லாந்தின் பிரிசாகோ சுருட்டும் ஆஸ்திரியாவின் விர்ஜினியா சுருட்டும் மெல்லியவை, நீண்டவை; அடைப்பு எளிதில் வரும். அதனால் சுற்றும்போதே நடுவில் ஒரு புல் தண்டை வைத்துவிடுவார்கள். பிடிக்கிறவர் அதை உருவி எடுத்தால் நேர் வழி தயார்.

பாதி வரை நன்றாக இழுத்துவிட்டு, பிறகு அடைத்துக்கொள்வது தனி நோய். புகையின் ஈரமும் தாரும் தலைப்பக்கம் சேர்வதால் வருவது. இழுப்புக்கு இழுப்பு இடைவெளி விட்டு, தலையில் இன்னொரு மெல்லிய வில்லையை வெட்டி எடுத்து, ஒருமுறை உள்ளிருந்து வெளியே மெதுவாக ஊதினால் சரியாகும். அளவுக்கு மீறித் தளர்ந்த சுருட்டும் குறையுள்ளதே. உள்ளிலை போதாமல் காற்று பாய்ந்து, சூடாகி, நாக்கைச் சுடும். அதற்கு மருந்து குறைவு. மெதுவாகப் பிடிக்கலாம், அவ்வளவுதான்.

சுருட்டின் இன்பம் முழுக்க அந்த மெதுவில்தான் இருக்கிறது. நிமிடத்துக்கு ஒரு இழுப்பு, அதுவும் வாய் வரை மட்டும். நடுத்தரச் சுருட்டு ஒன்றுக்கு ஒரு மணி நேரமாவது ஆகும். முதல் பாகம் மென்மை, நடுப்பாகம் காரம், கடைசியில் கனம். அவசரப்பட்டால் மூன்றும் ஒரே கசப்பாகிவிடும். இழுப்பு கெட்ட சுருட்டு இந்த நிதானத்தைத்தான் முதலில் பறிக்கிறது. வலிந்து இழுக்கிறோம், வலிந்து இழுக்கும்போது புகை தானாக நெஞ்சுக்குள் இறங்குகிறது. இழுப்பைச் சரிசெய்வது சுவைக்காக மட்டும் அல்ல என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம்.

நெஞ்சுக்குள் இழுக்காதவருக்கும் சுருட்டு தீங்குதான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பயனில்லை. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1998இல் சுருட்டுக்கென்றே தனி ஆய்வுத் தொகுப்பு வெளியிட்டது. வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்களைச் சுருட்டோடு அது தொடர்புபடுத்துகிறது. பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவுக்குப் புகையிலை இருக்கக்கூடும். சுருட்டுப் புகை காரத்தன்மை உள்ளது என்பதால் நிகோடின் வாயின் தோல் வழியே நேராக ரத்தத்தில் கலக்கும். ஆந்திரக் கடலோரத்தில் ‘சுட்டா’ என்னும் சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் பிடிக்கும் பெண்களுக்கு மேலண்ணத்தில் வரும் புற்றுநோய் மருத்துவ நூல்களில் நீண்டகாலமாகப் பதிவாகியிருக்கிறது. 1983 மார்ச்சில் அணிசேரா நாடுகள் மாநாட்டுக்காக டெல்லி விஞ்ஞான் பவனுக்கு வந்த ஃபிடல் காஸ்ட்ரோ, உலகம் அறிந்த சுருட்டுப் பிரியர். 1985இல் அவரே பழக்கத்தை விட்டார். பழக்கம் இல்லாதவர்கள் தொடங்க வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள். இருப்பவர்கள் அரிதாகப் பிடியுங்கள்.

எங்கே பிடிக்கலாம் என்பதையும் சட்டம் சொல்கிறது. பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடுக்க டெல்லி 1996லேயே தனிச் சட்டம் கொண்டுவந்தது. பிறகு 2003இன் மத்தியச் சட்டம் வந்தது; அதன்கீழான விதிகள் 2008 அக்டோபர் 2 முதல் நாடெங்கும் நடைமுறையில் உள்ளன. சுருட்டும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. 30 அறையோ அதற்கு மேலோ உள்ள விடுதிகள், 30 இருக்கையோ அதற்கு மேலோ உள்ள உணவகங்கள், விமான நிலையங்கள் ஆகியவற்றில் தனியாக ஒதுக்கிய இடத்தில் மட்டும் புகைக்கலாம். வெளிநாட்டிலிருந்து வருபவர் பயணிகள் சாமான் விதிகளின்படி 25 சுருட்டுக்கு மேல் கொண்டுவந்தால் வரிச் சலுகை கிடையாது. அந்த 25ஐயும் விமானத்தின் வறண்ட காற்றில் பல மணி நேரம் கொண்டுவந்த உடனே பற்றவைக்காதீர்கள். சில நாள் பெட்டியில் கிடக்கட்டும்.

டெல்லியில் சுருட்டு வாங்குகிறவர்களுக்கும் விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடைக்குள் நுழைந்ததும் விலையைக் கேட்பதற்கு முன் அலமாரிக்குள் ஈரமானி என்ன காட்டுகிறது என்று கேளுங்கள். 65க்கும் 70க்கும் நடுவே இருந்தால் வாங்கி அன்றைக்கே பிடிக்கலாம். 72ஐத் தாண்டினால் வீட்டில் 65 எண் பொட்டலத்தோடு இரண்டு வாரம் வைத்த பிறகு பற்றவையுங்கள். ஈரமானியே இல்லாத கடையில் வாங்காதீர்கள். கடைக்காரர்களே, சில நூறு ரூபாய் ஈரமானி ஒன்றை வாங்கி, உப்புச் சோதனை செய்து, வாடிக்கையாளர் கண்ணில் படும்படி வையுங்கள். வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவரும் சுருட்டு அதன் பிறகு குறையும்.